ரெண்டாத் தெரிஞ்ச சாமி

என்னங்க,

நாம கும்பிடுற சாமி புண்ணியத்துல நான் நல்லா இருக்கேன். உங்க முட்டிவலி எப்படி இருக்கு? மாத்திரையை மறக்காம போடுங்க.

போன வாரம் வேலை பாக்கிற வீட்டுல, விரதம் இருந்து விளக்கேத்தினேனா, திடீர்னு சாமி படம் ரெண்டாத் தெரிஞ்சுது. தரிசனம்னு நினைச்சு கன்னத்துல போட்டுக்கிட்டேன். அப்புறம் தரையே சுத்திச்சு, பேச்சு குழறிச்சு. வீட்டுக்காரம்மா, "அக்கா, இது பசி மயக்கமில்ல, கிளம்புங்க"ன்னு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனாங்க. பின்மூளைக்குப் போற ரத்தக்குழாயை ஒரு ரத்தக்கட்டி அடைச்சிருந்துச்சாம். தொடை வழியா மெல்லிசு குழாய் விட்டு, அதை இழுத்து எடுத்துட்டாங்க. தலையில கத்தியே படல. "இன்னும் தாமதிச்சிருந்தா கஷ்டம்மா"ன்னார் டாக்டர். அவரும் எனக்குச் சாமிதான். நல்லவேளை, ஒத்தையாத் தெரிஞ்சார்.

யாராவது இங்க வந்தா உங்க பழைய துண்டு ஒன்னு கொடுத்து விடுங்க, தலைக்குக் கட்டிக்கணும். துவைக்க வேண்டாம்.

பேச்சு இன்னும் கொஞ்சம் குழறுது. பயந்துடுவீங்கன்னுதான் போன் பண்ணாம எழுதுறேன். ஞாயித்துக்கிழமை கூப்பிடுறேன். என்னை வாயை மூடச் சொல்லியே காலத்தை ஓட்டினீங்களே, அன்னிக்கு நீங்க பேசுங்க. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்.

வீட்டுக்காரம்மா மருந்தோட நிக்கிறாங்க, முடிச்சுக்கிறேன்.

உங்க வாயாடி