அந்தூரியத்துக்குப் பின்னால்

வத்தேகம
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நிரோஷாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். எல்லாக் கடிதத்திலும் வருகிற வரிதானே என்று தாண்டிப் போய்விடாதே, இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே சுகம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி, நன்றாக இருக்க முருகன் துணையிருப்பான். பக்கத்து வீட்டு றிஸானாவின் கணவர் நிஸாம் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறார். அவர் கையில் மாசிச் சம்பலும் முறுக்கும், நான் எடுத்த பூப்படங்களில் சிலதைப் பிரிண்ட் போட்டும், இந்தக் கடிதத்தோடு கொடுத்துவிடுகிறேன். போனில் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், அதனால் உனக்குப் பாதிக் கதைதான் சொன்னேன். மீதியை இப்போது கேள், முதலிலேயே கோபப்படாதே.

ஓய்வுபெற்ற டீச்சர்மார் வாட்ஸ்அப் குழுவில் மற்றவர்கள் யாரோ எடுத்த ரோசாப்பூவில் காலை வணக்கம் அனுப்ப, நான் மட்டும் நம் தோட்டத்துப் பூவை என் கையால் எடுத்து அனுப்புகிறேன் என்று எனக்கு இருந்த பெருமை உனக்குத் தெரியும். எதை அனுப்பினாலும் சூப்பர் என்று எழுதிக் கைகூப்புவார்கள். உன்னிடம் போய் நல்லா இருக்கா என்று கேட்டேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். நல்லா இருக்கும்மா, ஆனா, என்று தொடங்கி ஒரு நீளமான குரல் செய்தி அனுப்பினாயே! உச்சி வெயிலில் எடுத்த செவ்வரத்தை வெறும் சிவப்புத் துணி மாதிரி இருக்கு, இதழில் ஒரு கோடுகூடத் தெரியல, வெயில் ஏற முந்தி எடுங்க என்றாய். நின்றபடி மேலேயிருந்து எடுக்காமல் பூவின் உயரத்துக்கு உட்காரச் சொன்னாய், ஸூம் பண்ணாமல் கிட்டப் போகச் சொன்னாய். இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற போத்தலால் அடித்துவிட்டுப் பனித்துளி என்று ஏமாத்தாதீங்க என்றாய், அதையும் கண்டுபிடித்துவிட்டாயே! மலையிலிருந்து மூடுபனி இறங்குகிறது என்று நான் ரசித்து ரசித்து அனுப்பின படத்துக்கு, அது பனியில்லம்மா, லென்ஸில எண்ணெய்க் கை பட்டிருக்கு, துடைச்சிட்டு எடுங்க என்றாய். அடிப்பாவி! அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். ஆயுசு பூரா பிள்ளைங்க கொப்பியில சிவப்பு மை போட்ட டீச்சருக்கே மக சிவப்பு மை போட்டுட்டா என்று கடைத்தெரு வரைக்கும் சொல்லித் திரிந்தார். எனக்கு முகம் சுண்டிப் போனது. ஆனால் நீ நல்லதையும் சொல்லியிருந்தாய், கத்தரி இலையில் விழுந்த நிழலைப் பிடிச்சிருக்கீங்கம்மா, அந்தக் கண் எல்லாருக்கும் வராது என்று. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மற்றதையெல்லாம் விழுங்கிக்கொண்டு, குசினியில் உட்காருகிற பலகையைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், முழங்கால் கத்தக் கத்த உட்கார்ந்து எடுத்தேன். கனகாம்பரத்தில் எறும்பு ஏறுகிற படத்தை இதில் வைத்திருக்கிறேன், எறும்பின் கால்கூடத் தெரிகிறது, பார்த்துவிட்டுச் சொல்.

கடைசியாக நீ சொன்னது, பூவை மட்டும் பாக்காதீங்க, பூவுக்குப் பின்னால என்ன நிக்குதுன்னு பாத்திட்டு எடுங்க என்பது. கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணுக்குப் பின்னால் நிற்கிற வாளியையும் விளக்குமாறையும் இடையில் அகப்பட்ட ஆட்களையும் அழிப்பதே உனக்கு அங்கே வேலை, அதனால் சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன். பிறகு நான் அனுப்பின அந்தூரியம் படத்தில், பின்னால் நின்ற அப்பாவைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, அம்மா பின்னால பாருங்க என்று எழுதித் திருப்பி அனுப்பினாய். டீச்சருக்குச் சிவப்பு வட்டம் என்றால் பிழை என்றுதானே அர்த்தம்? படத்தை இந்த மனுஷன் கெடுக்கிறார் என்று மகளே சொல்லிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். நான் படம் எடுக்கும்போது தோட்டத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று அப்பாவைச் சத்தம் போட்டேன். வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகப் பதில் சொல்கிறவர், சரி சரி என்று உடனே உள்ளே போய்விட்டார், அதைக்கூட நான் யோசிக்கவில்லை. அடுத்த நாள் பின்னால் ஒரு ஆள் இல்லாமல் சுத்தமாக எடுத்து அனுப்பிவிட்டு உன் பாராட்டுக்குக் காத்திருந்தால், நீ வேலையிடத்திலிருந்தே போன் எடுத்து, அப்பா எங்க, அப்பா கையைப் பாருங்கன்னுதானேம்மா வட்டம் போட்டேன் என்று அழாத குறையாகக் கேட்டாய்.

நீ போனை வைத்ததும் பழைய படங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன் மகள். டேலியாவுக்குப் பின்னால் அப்பா சுவரைப் பிடித்திருக்கிறார். செவ்வரத்தைக்குப் பின்னால் கொய்யா மரத்தைப் பிடித்திருக்கிறார். அந்தூரியத்துக்குப் பின்னால் உடுப்புக் காயப்போடுகிற கம்பைப் பிடித்துக் கண்ணை மூடியிருக்கிறார். ஒரு படத்திலாவது மனுஷன் சும்மா நிற்கவில்லை. போனையும் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் போனேன். கேட்டால், ஒண்ணுமில்ல கலா, சும்மா சாஞ்சிருப்பேன் என்றார். நான் விடவில்லை, படங்களை முகத்துக்கு நேரே காட்டினேன், அதற்கு மேல் பொய் சொல்ல அவருக்கு வழியில்லை. எழும்பினால் தலை சுற்றுகிறதாம், சில நேரம் கண் இருண்டு வருகிறதாம். சொன்னால் மக அங்க வேலைய விட்டுட்டு ஓடி வந்துருவா என்று மறைத்தாராம். உனக்கு நான் சொல்லாத மீதியில் ஒன்று இது: மழைக்கு முந்திக் கூரையில் ஏறித் தண்ணீர் ஓடுகிற பீலியில் அடைத்த சருகை அள்ள அந்த வாரம்தான் ஏணி எடுத்து வைத்திருந்தார்.

கண்டி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதும் வீட்டுக்கு விடாமல் கட்டிலில் மறித்துவிட்டார்கள். இதயம் நிற்காமல் ஓடினாலும் நடுநடுவே மிகவும் மெதுவாகிப் போகிறதாம். நான் உனக்குச் சின்னச் சிகிச்சை என்று சொன்னது, தோள் எலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்ததைத்தான். அதை முழுசாகச் சொன்னால் நீ அன்றைக்கே விமான நிலையத்தில் நின்றிருப்பாய், அப்பாவைக் குறை சொல்லிவிட்டு நானும் அதையே செய்தேன், திட்டுவதென்றால் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டு. விழுவதற்கு முந்தி வந்தீங்க, அது பெரிய விஷயம் என்று டாக்டர் சொன்னார், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றும் கேட்டார். மகள் பூப்படத்தில் கண்டுபிடித்தாள் என்றேன், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஆட்களைப் படத்திலிருந்து அழிப்பதே உன் வேலை, அப்பாவை மட்டும் அழிக்காமல் வட்டம் போட்டாயே, அதை நினைத்து நினைத்துக் கும்பிடுகிறேன் மகள்.

இப்போது நன்றாக இருக்கிறார். இடது கையை உயரத் தூக்க வேண்டாம் என்றிருக்கிறார்கள், அதைச் சாட்டாக வைத்து ஒரு தேங்காய் துருவித் தருகிறாரில்லை, மற்றபடி வாய் பழையபடி நீண்டுவிட்டது. ஏணியை றிஸானா வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். படங்களில் கடைசியாக இருப்பதைக் கொஞ்சம் நேரமெடுத்துப் பார். உச்சி வெயிலில் எடுத்தேன், தெரியும். அந்தூரியம் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது, தெரியும். அப்பா நடுவிலேயே நிற்கிறார், அதுவும் கூடாதுதான். நீ கையை மட்டும் பார். இரண்டு கையும் சும்மா தொங்குகின்றன, எதையும் பிடிக்கவில்லை.

முறுக்கை அறைத் தோழிகளுக்கும் கொடு, சம்பலை ஒளித்து வை. கடவுள் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல சுகமும் தரட்டும். மறக்காமல் ஒன்று செய். நீ எங்களுக்கு அனுப்புகிற படங்கள் எல்லாவற்றிலும் முகம் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் சிரித்த முகம். இனி அப்படி வேண்டாம். கொஞ்சம் தள்ளி நின்று, பின்னால் இருப்பதெல்லாம் தெரிய, உன் கை எதைப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரிய, முழுசாக ஒரு படம் எடுத்து அனுப்பு.

உன்மேல் உயிரான அம்மா
கலாராணி ராஜலிங்கம்