நெஞ்சுயரப் பளிங்கு மேடை

டாக்டர் தம்பிக்கு,

நலம் விசாரிக்க மனசில்லை.

உன் மருத்துவமனையின் வரவேற்பறையை வரைந்து கொடுத்தவள் நான். வாசலுக்குப் பக்கத்திலேயே கைப்பிடி வைத்த நாற்காலிகள், உட்கார்ந்தபடியே பேசுகிற உயரத்தில் மேசை. "உட்கார இடம் கொடுத்தா கூட்டம் நகராதுக்கா" என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நெஞ்சுயரத்துக்குப் பளிங்கு மேடை கட்டினாய். பார்த்தவர்கள் எல்லாம் அரண்மனை மாதிரி இருக்கிறது என்றார்கள்.

முழங்கால் வலியோடு உன்னைப் பார்க்க வந்த அம்மா அந்த மேடைக்கு முன்னால்தான் நின்றாள். கால் தளர்ந்தபோது பிடித்துக்கொள்ள அந்த வழுவழுப்பில் எதுவுமில்லை. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது.

"டாக்டரோட அம்மான்னு சொல்லியிருக்கலாமே?" என்று போனில் என்னிடம் கத்தினாய். அம்மாவிடம் கேட்டேன்.

"சொன்னேன்டி. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, வரிசையில நில்லுங்கன்னுச்சு மேடைக்குப் பின்னால இருந்த பொண்ணு" என்றாள்.

அந்தப் பெண்ணை அன்றைக்கே வேலையைவிட்டுத் துரத்திவிட்டாயாமே. நீ சொல்லிக்கொடுத்ததைத்தானே அவள் செய்தாள்?

நேற்று அவள் என் வீட்டுக்கு வந்து அழுதாள். இங்கே என்னோடு படுக்கையில் இருக்கும் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வேற வேலை கிடைச்சுதாம்மா?" என்று கேட்டாள்.

உன்னைப் பற்றி அம்மா இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்படிக்கு,
இன்னமும் உன் அக்கா