பட்டாணி அளவுத் துண்டு

கரியாலூர்
ஆவணி 14

அன்பு மகள் இசைவாணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம், நீயும் ஸ்வீடனில் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போன் இருக்க அம்மா ஏன் காகிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய், உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் வராது, அதான். அப்பாவுக்குச் சர்க்கரை கம்மியாகியிருக்கிறது, ஆனாலும் டீக்கடை போண்டாவை விட்டபாடில்லை. மலையில் நல்ல மழை, மரவள்ளிக்குத்தான் மாவுப்பூச்சி. உன் தங்கை சுபஸ்ரீ மறுபடி முழுகாமல் இருக்கிறாள், மூன்று மாதம். இதை அவளே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சித்திரையிலிருந்து அவள் உன் போனை எடுக்காததற்குக் காரணம் நான்தான்.

போன ஆவணியில் எட்டாம் மாதத்திலேயே அவளுக்குப் பிரஷர் ஏறி வலிப்பு வந்து, கள்ளக்குறிச்சியில் குழந்தை இறந்தே பிறந்ததே, அன்றைக்கு நஞ்சுக்கொடியில் ஒரு துண்டு எடுத்து இந்தப் பிரஷர் ஏன் வருகிறது என்று ஸ்வீடனில் நீங்கள் செய்கிற ஆராய்ச்சிக்கு அனுப்ப ஏற்பாடு இருந்தது. சுபஸ்ரீ அதற்கு ஐந்தாம் மாதமே கையெழுத்துப் போட்டிருந்தாள். "ஐஸ் உருகி வீணாப் பூடுச்சாம், அவகிட்ட இதப் பேசாத, தாங்கமாட்டா" என்று உன்னிடம் சொன்னேன். அது பொய்யடி. துண்டு எடுக்கவே இல்லை, நான்தான் எடுக்கவிடவில்லை. நர்ஸ் சின்ன டப்பாவோடு வந்து "பட்டாணி அளவு போதும்மா" என்றது. சுபஸ்ரீ ஊசி மயக்கத்தில் கிடந்தாள். என் மடியில் அந்தப் பிள்ளை, துணி சுற்றி, தலைமுடி அவ்வளவு கருகருவென்று. பிள்ளையும் போச்சு, அதோடு வந்ததையும் பிய்த்துக் கொடுப்பதா என்று தோன்றியது. "எம்பொண்ணு வாணாம்னு சொல்லிட்டாம்மா, மயக்கம் வரதுக்கு முன்னாலயே" என்று துணிந்து சொன்னேன். அந்தப் பெண்ணும் நம்பி எழுதிக்கொண்டது. எல்லாவற்றையும் ஒன்றாகவே மாப்பிள்ளை ஜெயப்பிரகாஷின் கரும்புக்கொல்லை ஓரம் புதைத்தோம்.

புரியாமல் செய்தேன் என்று தப்பிக்கவும் வழியில்லை. அதற்கு முன்னமே நீ லீவுக்கு வந்தபோது கம்ப்யூட்டரில் கலர் கலராகப் படம் காட்டினாயே, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, ஒவ்வொரு புள்ளியிலும் எந்த ஜீன் வேலை செய்கிறது, எது ஓய்ந்து கிடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதாக. முன்னெல்லாம் துண்டை அரைத்துத்தான் பார்ப்பார்களாம், என்ன இருக்கிறது என்று தெரியுமாம், எந்த இடத்தில் என்று தெரியாதாம். உடனே நான், "எங்க அங்கன்வாடி மேப்பு மாதிரிதான இது, ஊரு மொத்த எடையச் சொன்னா இன்னா பிரயோசனம், எந்தத் தெருவுல எந்த வூட்டுப் புள்ள மெலிஞ்சிக்கினு வருதுன்னு செவப்புல குறிச்சாதான போய்ப் பாக்க முடியும்" என்றேன். நீ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய். ஒரு துண்டை வைத்துக் காரணம் சொல்லிவிட முடியாது, நூற்றுக்கணக்கில் சேர்ந்தால்தான் ஏதாவது பிடிபடும் என்றும் அன்றைக்கே சொன்னாய். எல்லாம் எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாக அங்கன்வாடி வேலையில் மலைப் பொம்பளைகளிடம், நர்ஸம்மாவிடம் எதையும் மறைக்காதீங்கடி என்று கத்துகிற வாய் இது. தன் வீடு என்றதும் அந்தப் புத்தி எங்கே போச்சோ.

சுபஸ்ரீயிடம் அதற்கு மேல் ஒரு பொய், துண்டு உன்னிடம் வந்து சேர்ந்துவிட்டது என்று. வாராவாரம் "அக்கா பாத்துட்டாளாம்மா?" என்பாள், "பாத்துக்கினு இருக்கா, நாளாவுமாம்" என்பேன். எட்டு மாதம் இப்படியே ஓட்டினேன். சித்திரையில் "ஊரு ஒலகத்துப் புள்ளைங்களப் பாக்க நேரம் இருக்குது, எம்புள்ளையப் பாக்க நேரமில்ல அவளுக்கு" என்று அழுதாள், அன்றோடு உன்னிடம் பேச்சை விட்டாள். நீயோ, துக்கத்தில் இருக்கிறாள் பாவம் என்று பொறுத்துப் போகிறாய். நடுவில் உட்கார்ந்து சோறு தின்றேன் நான், பாவி.

ஏதாவது ஒரு காரணம் கண்டுபிடித்த மாதிரி அவளுக்குச் சொல்லிவிடு என்று உன்னைக் கேட்கலாமென்றுதான் முதலில் நினைத்தேன், வெட்கமாக இருக்கிறது. போன ஞாயிறு மூங்கில்துறைப்பட்டுக்கு, சுபஸ்ரீ வீட்டுக்குப் போனேன். "இந்த வாட்டியும் அதேமாரி ஆவுமாம்மா?" என்று வயிற்றில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். அதற்குமேல் முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. "எம்பேரச் சொல்லி நீ எப்படிம்மா வாணாம்ன?" என்று ஒரு தரம் கேட்டாள். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "பிரசவத்துக்கு நீ வராதம்மா" என்றாள். எத்தனையோ பேர் வீட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவள் நான், கண்ணு. மலை ஏறும்வரை பஸ்ஸில் அழுதேன், பக்கத்தில் இருந்தவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அவள் சொன்னதில் தப்பே இல்லை. மாசி கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள், தாய் வீட்டு ஆளாக நீ வந்து நில். இப்போதே லீவு கேட்டு வை. இந்தக் காகிதம் கிடைத்த அன்றைக்கே அவளுக்குப் போன் போடு, எடுப்பாள். நீயும் பிறக்கப்போகிற உசுரும் அவளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அந்த மாரியாத்தாதான் துணை. இந்த வாட்டி துண்டு கொடுப்பதா வேண்டாமா என்று அவளிடமே கேள், அவள் என்ன சொல்கிறாளோ அதை மட்டும் செய். யார் அழுதாலும் கேட்காதே, நான் அழுதாலும் கேட்காதே.

இப்படிக்கு
உன் அம்மா
பச்சையம்மாள்