சப்பாத்துப் பெட்டி லயம்

மேல்பிரிவுத் தோட்டம்
09.08.2025

மஸ்கெலியா புத்தகக் கடை முதலாளி விஜிதரன் அவர்களுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய அவசரமில்லை.

உங்கள் போனை நான் எடுக்கப்போவதில்லை, அதனால் எழுத்தில் கேட்கிறேன். இங்கே பிள்ளைகளுக்கு லீவு முகாம் தொடங்கிவிட்டது. காலையில் வந்து பின்னேரம் வீட்டுக்குப் போகிறார்கள், இருபத்திரண்டு பேர். கைவேலைக்கு நான். ஒரு வருஷமாகச் சேர்த்த முட்டைக்கோதும் ஐஸ்கிரீம் குச்சியும் இருந்திருந்தால் உங்களிடம் வந்திருக்கமாட்டேன். அதைத்தான் உங்கள் அக்கா முன்னால் "குப்பை" என்று சொல்லி லொறியில் ஏற்றிவிட்டீர்களே!

பக்கத்துச் சப்பாத்துக் கடையில் செருப்பு வைக்கிற வெறும் பெட்டி இருபத்திரண்டு, பசை நாலு போத்தல் வாங்கி சோலைமலை அண்ணன் பஸ்ஸில் போட்டுவிடவும். கண்டக்டர் வேலையோடு நம் சண்டையையும் சுமக்கிறார், பாவம்.

இப்படிக்கு,
முகாம் கைவேலை ஆசிரியை
(அம்மா வீட்டிலிருந்து)


மஸ்கெலியா
10.08.2025

அன்புள்ள வினோதா,

பெட்டியும் பசையும் அனுப்பியிருக்கிறேன். பெட்டி ஒன்று கூடுதல். நீ கேட்காத மினுக்குத்தூளும் மூன்று நிறத்தில் வைத்திருக்கிறேன். உனக்குப் பிடித்த ஊதாவும் உண்டு.

நாலு நாளாகப் பாணும் சம்பலும்தான் சாப்பாடு. அக்கா ஊருக்குப் போய்விட்டாள். எப்போது வருகிறாய்?

உன் விஜி


மேல்பிரிவு
12.08.2025

விஜிதரன் அவர்களுக்கு,

மினுக்குத்தூள் கிடைத்தது. மன்னிப்பு என்கிற சாமான் மட்டும் உங்கள் கடையில் ஸ்டாக் இல்லை போலிருக்கிறது.

இங்கே பெரிய கூத்து. ஆளுக்கொரு பெட்டியில் "எங்கள் வீடு" செய்யச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் அத்தனை பெட்டியையும் சுவரோடு சுவர் ஒட்டி, தோட்டத்து லைன் வீடுகள் மாதிரியே நீளமாக ஒரே லயம்! தனித்தனியாகத்தானே செய்யச் சொன்னேன் என்று கேட்டால், கேஷிகா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "தனியா நின்னா அது தொர பங்களா டீச்சர். வீடுன்னா பக்கத்து வீட்டோட ஒட்டித்தான் இருக்கும்" என்கிறாள். பத்து வயசு.

கண்காட்சி சனிக்கிழமை கோயில் முற்றத்தில். முகாம் நடக்கிற மண்டபத்தின் கதவுக்கு எதிரே இரண்டடியில் மண்மேடு. இருபதடி லயம் அதில் திரும்பாது. வெட்டலாம் என்றேன், எல்லாருக்கும் அழுகை. கிஷாந்த் மட்டும், "எங்க வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவுல வெட்டுங்க டீச்சர். எப்பிடியும் அம்மாங்க பேசிக்கிறதில்ல" என்றான்.

நீங்கள் கூடுதலாக அனுப்பிய பெட்டி டீச்சர் வீடாம். என்னைக் குச்சியில் செய்து உள்ளே வைத்திருக்கிறார்கள். உங்களையும் செய்து வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். நம் கதை தோட்டம் முழுக்கத் தெரியும். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டால்தான் உள்ளே என்பது கேஷிகா போட்ட சட்டம்.

வினோதா


மஸ்கெலியா
13.08.2025

அன்புள்ள வினோதா,

மழை நேரம். அந்தப் பொம்மைக்கு ஒரு குடையாவது கொடுக்கச் சொல். வர்ணக் கடதாசி இரண்டு கட்டு அனுப்பியிருக்கிறேன்.

விஜி


மேல்பிரிவு
14.08.2025

குடை செய்து கொடுத்துவிட்டார்கள். வாசலில்தான் நிற்கிறீர்கள்.

கடதாசி வேண்டாம். அந்தக் கோதெல்லாம் நான் ஒவ்வொன்றாகக் கழுவிக் காயவைத்தது. அது போனதற்குக்கூட நான் அழவில்லை. அக்காவோடு சேர்ந்து நீங்களும் சிரித்தீர்களே, அதற்குத்தான் பையைக் கட்டினேன். சனிக்கிழமைக்குள் ஒரு வார்த்தை வராவிட்டால், இங்கேயே முன்பள்ளியில் வேலை கேட்டுக்கொண்டு அம்மாவோடு இருந்துவிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வினோதா


மஸ்கெலியா
15.08.2025 காலை

வினோதா,

இதோடு சாமான் எதுவும் இல்லை. சோலைமலை அண்ணனே "பார்சல் எங்க?" என்று கேட்டார்.

தப்பு என்னுடையது. நீ கழுவிக் காயவைத்ததைத் தினமும் பார்த்தவன் நான். குப்பை இல்லையென்று தெரிந்தேதான் சொன்னேன். அக்கா சிரித்தாள், நானும் சிரித்தேன். வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

லயத்தை வெட்டாதே. நாளைக்குக் கடையைப் பூட்டிவிட்டு முதல் பஸ்ஸில் வருகிறேன். மண்டபத்து ஜன்னல் சட்டத்தைக் கழற்றி அந்த வழியாக வெளியே எடுக்கலாம். ஸ்குரூட்ரைவர் கொண்டுவருகிறேன், திருப்பி மாட்டியும் தருகிறேன். நீ என்னோடு வராவிட்டாலும் அதைச் செய்துவிட்டுத்தான் போவேன்.

விஜி


மேல்பிரிவு
15.08.2025 பின்னேரம்

என்னங்க,

கடிதத்தை வாசிக்கச் சொல்லி இருபத்திரண்டு பேரும் சுற்றி நின்றார்கள். ஜன்னல் விஷயத்தை மட்டும் சத்தமாக வாசித்தேன். ஒரே கைதட்டல். அதற்கு மேலே எழுதியிருந்ததை வாசிக்கவில்லை. அது எனக்கு வந்தது.

கேஷிகா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய், வாசலில் நின்ற ஆளை எடுத்து உள்ளே வைத்தாள்.

நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வாருங்கள், அம்மா பார்ப்பார். திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு டிக்கெட் எடுங்கள்.

உங்கள்
வினோதா