பால் தட்டில் செய்த லாரி

இன்று வெயில் நன்றாக இருக்கிறதே என்று மிளகாயை வீட்டுப் பின்புறம் பரப்பினேன். நம் ஊர் பாச்சாங் வெயிலை நம்பக் கூடாது என்று உனக்குத் தெரியும். உலை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் வானம் இருண்டுவிட்டது. ஓடிப்போய்ச் சுவரில் மாட்டியிருந்த அலுமினிய முறத்தை எடுத்து அள்ளினேன். மூன்று பக்கம் விளிம்பு, நாலாவது பக்கம் வெட்டு. எந்தக் கடையிலும் கிடைக்காத முறம். ஒரு காலத்தில் அது உன் அம்மாவின் ரப்பர் பால் தட்டு. அப்புறம் என் தட்டு. அப்புறம் உன் லாரி.

மிளகாய் நெடி ஏறித் தும்மினேன், கண்ணில் தண்ணீர் வந்தது. உன் நினைவும் வந்தது. கூடவே உன்மேல் இருக்கிற கோபமும் வந்தது. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. கோபத்தை இனி யாரிடம் போய்ச் சொல்வது? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் படித்த எழுத்துதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நீ பாவாடை கட்டிய சின்னப்பெண். புருஷனுக்குத் தங்கை என்றால் எப்படி இருப்பாளோ என்று பயந்துகொண்டுதான் வந்தேன். தொண்ணூறுகளில் நீ எலக்ட்ரானிக் பேக்டரிக்கு வேலைக்குப் போனாய். கூட வேலை பார்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆனால் படம் பார்க்கப் போனார்கள். நீ கையில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு பாடாங் திடலுக்குப் போனாய். வேலையை விட்டுப் போன யாரோ உனக்குக் கொடுத்த, ரிமோட்டில் ஓடுகிற பழைய ரேஸ் லாரி. பூனை அளவு உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய சக்கரம். திடலில் மண் மேடு போட்டு, பழைய டயர்களை வரிசையாக வைத்துப் பாதை அமைத்திருந்தார்கள். எல்லாரும் ஆண்கள். நடுவில் நீ ஒருத்தி, பேக்டரிச் சட்டையோடு.

மேடேறிக் குதிக்கும்வரை உன் லாரி நன்றாகத்தான் ஓடும். கீழே விழுந்ததும் முன்சக்கரத்துக்குப் பின்னால் பட்டென்று உடைந்துவிடும். ஒட்டுவாய், கம்பி வைத்துக் கட்டுவாய், அடுத்த வாரம் அதே இடத்தில் உடையும். ஒரு ரேஸைக்கூட நீ ஓடி முடித்ததில்லை.

அங்கே தலைவர் மாதிரி இருந்தவர் தெங்கேராவில் சைக்கிள் கடை வைத்திருந்த மனிதர். நீலச் சட்டை, மேல் பொத்தான் இருக்காது. ஒருநாள் உன் அண்ணனும் நானும் மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். உடைந்த லாரியை எடுக்க நீ பாதைக்குள் போனபோது அவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"தங்கச்சி, ஒன்னால எல்லார் ரேசும் நிக்குது. இன்னொரு தடவ நடுப்பாதையில ஒடஞ்சு கெடந்துச்சு, அப்புறம் இந்தப் பக்கமே வராதலா. இது என்ன அடுப்படிச் சாமானா?"

சிரித்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டே வந்தாய். நான் சிரிக்கவில்லை. வீடு வந்து சேரும்வரை உடைந்த துண்டை நீ கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்ததையும் நான் கவனித்தேன்.

அன்றைக்கு லாரியைக் கவிழ்த்துப் போட்டு எனக்குக் காட்டினாய். "மோட்டார், பேட்டரி, சக்கரம் எல்லாம் நல்லாருக்கு அண்ணி. இதையெல்லாம் தாங்குற அடித்தட்டுதான் சேசிஸ். இது பிளாஸ்டிக். பழைய வண்டி, கோலாலம்பூர்ல கேட்டாலும் இதுக்குச் சாமான் இல்லேங்கிறாங்க. நல்ல தகடா கெடச்சா நானே வெட்டிருவேன்."

அந்தத் தகடு என்னுடைய தட்டாக இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ரப்பர் பாலை ஊற்றி உறையவைக்கிற தட்டு அது. தோட்டத்தை விட்டு வரும்போது உன் அம்மா சேலைக்குள் சுற்றி எடுத்துவந்தார். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அந்த அமில வாடையைப் போக்கி, வடகம் பிழியவும் உப்பு மீன் காயவைக்கவும் வைத்திருந்தோம். "நீதான் இதப் பத்திரமா வச்சிருப்ப" என்று அதை என் கையில்தான் கொடுத்தார். உன் கையில் இல்லை. இதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வடகத்துக்கு மாவு கிளறி இறக்கிவிட்டுத் தட்டை எடுத்தேன். சுருக்கென்று விரல் கிழிந்தது. பார்த்தால், தட்டின் நடுவில் நீளமாக ஓட்டை. உன் லாரியின் வயிறு எப்படி இருக்குமோ அதே அச்சு.

"எங்கம்மா தட்டுதானே அண்ணி" என்றாய்.

"ஒங்கம்மா எனக்குக் குடுத்தது. ஒனக்குக் குடுக்கணும்னா ஒனக்கே குடுத்திருப்பாங்க. வாய் இருக்குல்ல, கேட்டா என்ன?"

"கேட்டா குடுத்திருக்க மாட்டீங்க."

அந்தப் பதிலைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. அன்று வடகம் இல்லை. கிளறிய மாவை உன் அண்ணன் கஞ்சி மாதிரி குடித்துவிட்டு, எந்தப் பக்கமும் பேசாமல் எழுந்து போனார்.

ரேஸுக்கு முந்தின நாள் காலையில் வீட்டு முன்னால் பலகையைச் சாய்த்து வைத்து லாரியைக் குதிக்கவிட்டாய். புதுத் தகடு உடையவில்லை. ஆனால் அப்படியே குழிந்துபோனது. வயிறு தரையைத் தேய்க்க, சக்கரம் நாலும் நாலு திசை பார்த்தது. நீ படியில் உட்கார்ந்துவிட்டாய். என் வாய் சும்மா இருக்குமா? ஓட்டைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து உன் முகத்துக்கு நேரே ஆட்டினேன்.

"தட்டும் போச்சு, லாரியும் போச்சு! இப்ப நல்லாருக்கா?"

"அண்ணி, அப்படியே நில்லுங்க."

"ஏன் நிக்கணும்?"

"இன்னொரு தடவ ஆட்டுங்க."

"ஆட்டவா, ஒன் மண்டையில போடவா?"

"இவ்ளோ பெரிய ஓட்ட இருக்கு, தட்டு ஏன் வளையல?" என்று எழுந்து வந்தாய். விளிம்பில் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினாய். "நான் நடுவுல எடுத்துட்டேன் அண்ணி. பலம் எல்லாம் இந்த மடிப்புலதான் இருக்கு."

அப்புறம் என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாய். "இந்த ரெண்டு நீளப் பக்கமும் வேணும். விளிம்போட. குடுப்பீங்களா?"

கேட்டாய். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். "அந்தத் தெங்கேராக்காரன் வாயை அடைக்கணும். எடுத்துக்க" என்றேன்.

அன்று பகல் முழுக்க முன்வாசலில் வேலை நடந்தது. நான் தட்டை மிதித்துக்கொள்ள, நீ ரம்பத்தால் அறுத்தாய். விளிம்பின் உயரத்தைக் குறைத்து, அது இரண்டு ஓரத்திலும் நிற்கிற மாதிரி இரண்டு துண்டையும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாய். உன் அண்ணன் எங்கேயோ கேட்டு வாங்கிவந்த கருவியால் ரிவெட் அடித்தாய். பழைய சேசிஸை மேலே வைத்து ஆணியால் ஓட்டைக்குக் குறி போட்டாய். எல்லாம் முடிந்ததும் அதன்மேல் ஏறி நிற்கச் சொன்னாய். நின்றேன். வளையவில்லை. நான் உள்ளே போன பிறகும் நீ அரத்தை வைத்து ராவுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் திடலில் அந்தச் சைக்கிள் கடைக்காரர் லாரியைக் கையில் வாங்கி மோந்து பார்த்தார். "என்னாலா இது, ரப்பர் தட்டா? இன்னும் பால் வாட அடிக்குது."

"வாட அடிச்சா கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே" என்றாய். எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

லாரி கனமாகிவிட்டது. மெதுவாகத்தான் ஓடியது. மேடேறிக் குதித்து விழுந்தபோது சமையற்கட்டில் பாத்திரம் விழுந்த மாதிரி டங்கென்று ஒரு சத்தம். திடலே திரும்பிப் பார்த்தது. உடையவில்லை. அடுத்த சுற்றும் டங். அதற்கடுத்த சுற்றும் டங். என் பல் கூசியது, ஆனாலும் அந்தச் சத்தம் நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே இருந்தேன். கடைசிக்கு முந்தின வண்டியாக வந்து சேர்ந்தாய். உன் அண்ணன் முதலாவதாக வந்த மாதிரி துண்டை வீசினார்.

சைக்கிள் கடைக்காரர் வந்தார். "கவுத்துக் காட்டு தங்கச்சி." காட்டினாய். விளிம்பைத் தடவிப் பார்த்தார். "அடுத்த வாரம் நேரத்தோட வந்துரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்கவில்லை. அதனால் நானும் மன்னிக்கவில்லை. அவர் இறந்தபோது உன் அண்ணன்தான் போய்வந்தார்.

அன்று சாயங்காலம் கடலோரத்து உம்பாய்க்குப் போய்ச் சுட்ட மீன் சாப்பிட்டோம். லாரிக்கும் ஒரு நாற்காலி போட்டாய். கடைக்காரப் பெண் அதற்கும் ஒரு தட்டு வைத்துவிட்டுப் போனாள். நீ சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறியது.

போன வருடம் ஆஸ்பத்திரியில் கட்டில் கம்பியைத் தட்டிக் காட்டி, "சேசிஸ் நல்லாத்தான் இருக்கு அண்ணி, மோட்டார்தான் மக்கர் பண்ணுது" என்றாய். நர்ஸுக்குப் புரியவில்லை. நாம் இரண்டு பேரும் சிரித்தோம். லாரி இப்போது என் அலமாரி மேலே இருக்கிறது. தொட யாரையும் விடுவதில்லை.

முதல் வெட்டுக்கு உன்னை இன்னும் மன்னிக்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். ஆனால் ரேஸுக்கு மறுநாள் காலையில் அடுப்படிக்குப் போனபோது, தட்டின் இரண்டு முனைத் துண்டுகளும் ஜன்னலோரம் இருந்தன. இரண்டும் லாரிக்கு உதவாதவை. எறிந்திருக்கலாம். நீ அவற்றின் வெட்டு வாயையும் ராவி வைத்திருந்தாய். ஒன்றை உன் அண்ணன் செடிக்கு மண் அள்ள எடுத்துப்போய்த் தொலைத்துவிட்டார். அதற்கும் கோபம் இருக்கிறது, அது வேறு கதை. மற்றதில்தான் இன்று மிளகாய் அள்ளினேன். மழை வருகிற அவசரத்தில் வெட்டு வாயைத்தான் பிடித்தேன். இத்தனை வருடத்தில் அது ஒரு தடவைகூட என் கையைக் கீறியதில்லை.