போனுக்குள் இருக்கும் அப்பா

என்னங்க,

போனில் சொல்லலாமென்றால் போன் எப்போதும் உங்கள் மகள் கையில்தான். அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்த வாரம் முழுக்க ஊர் சுற்றல். திங்களன்று தடுப்பூசி, அவளைவிட நான்தான் அதிகம் அழுதேன். புதனன்று என் தங்கையோடு பூங்காவுக்குப் போனோம். வாத்துக்கு ரொட்டி போடச் சொன்னால், வாத்தைப் பார்த்துக்கொண்டே தானே தின்று தீர்த்தாள். "அப்படியே மாமாதான்!" என்றாள் தங்கை.

நேற்றுப் பேருந்தில்தான் பெரிய கூத்து. பக்கத்து இருக்கைக்காரர் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். இவள் எட்டி அந்தப் போனைப் பிடித்து, "அப்பா!" என்று முத்தம் கொடுத்துவிட்டாள். "ஐயோ பாப்பா, அது எங்க மேனேஜரும்மா!" என்றார் அவர். பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத்தான் விட்டுவிட்டேன்.

நீங்கள் வேலைக்காக வெளியூர் புறப்பட்டபோது அவளுக்கு ஐந்து மாதம். இப்போது ஒன்றரை வயது.

அடுத்த சனிக்கிழமை நீங்கள் வீட்டுக்கு வந்ததும் ஓடிவந்து அவளைத் தூக்கிவிடாதீர்கள். வீடியோவில் எப்போதும் போட்டிருக்கும் அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கதவுக்கு வெளியே நின்றபடி வீடியோவில் கூப்பிடுங்கள். அவள் "அப்பா" என்றதும் நான் கதவைத் திறக்கிறேன்.

அப்படியும் அவள் மிரண்டு அழுதால் நீங்கள் அழக்கூடாது. அந்த வேலைக்கு நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
கதவுக்கு உள்பக்கம் நிற்கப்போகிறவள்