விரதத்தில் பார்த்த சிரிப்புப் படம்

1939, தைப்பூசத்துக்கு முந்தைய இரவு

காவடி விரதக்காரர் யாரும் சினிமாவுக்குப் போகக் கூடாது என்று கோயில் தலைவர் பத்து நாள் முன்பே சொல்லிவிட்டார். ஆனாலும் இன்று மத்தியானம் போர்ட் லூயிஸ் பட்டணத்துக்குப் போய் ஒரு படம் பார்த்தேன். குண்டனும் ஒல்லியும் ஒரு பீரோவை மாடிப்படியில் ஏற்றப் படாதபாடு படும் குட்டிப் பேசும்படம். பீரோ உருண்டபோது முன்வரிசையில் ஒருவர் இருமல் வரும்வரை சிரித்தார். விளக்கு எரிந்ததும் பார்த்தால், நம் தலைவர். அவரும் காவடி எடுப்பவர்தான்.

"தம்பி, நீ என்னைப் பார்க்கல," என்றார்.

"நானும் இங்க வரல, மிசியே," என்றேன் மரியாதையாக.

முருகன் மன்னிப்பான். மனசு லேசாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளை கோயில் படியில் எனக்கு முன்னால் காவடியோடு ஏறப்போவது அவர். அவர் குண்டு, நான் ஒல்லி. நாக்கில் வேல் குத்தியிருக்கும்போது சிரிக்க முடியாது. அவர் மட்டும் திரும்பிப் பார்க்காமல் இருக்க வேண்டும்.